படலையில் ஆமைப்பூட்டு, வேலியில் பொட்டு: கூகுள் கணக்குக்குள் ஆள் புகுந்தால் அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட, போன் கொம்பியூட்டர் திருத்துகிற சின்னக் கடை என்னுடையது. கிழமைக்கு இரண்டு மூன்று பேராவது ஒரே முறைப்பாட்டோடு வருகிறார்கள். “தம்பி, என்ரை ஜிமெயிலுக்குள்ள ஆரோ பூந்திட்டாங்கள். பாஸ்வேட்டையும் மாத்திப் பாத்திட்டன், பிறகும் விடுறாங்களில்லை.”

பாஸ்வேட் என்பது படலையில் கொழுவியிருக்கிற ஆமைப்பூட்டு. வந்தவன் வேலிப் பொட்டுக்குள்ளால் வந்திருந்தால், பூட்டை எத்தனை தரம் மாற்றினாலும் அவன் தன் பாட்டுக்கு வந்துபோவான். ஒரு கணக்குக்குப் பொட்டுகள் பல: மீட்பு இலக்கம், மீட்பு மின்னஞ்சல், ஏற்கனவே உள்நுழைந்திருக்கிற கருவிகள், எப்போதோ அனுமதி கொடுத்த செயலிகள், மெயிலை வேறெங்கோ திருப்பிவிடுகிற ஃபில்டர். எந்தப் பொட்டு என்பதை அறிகுறி காட்டிக்கொடுக்கும். உங்களுக்கு நடந்தது எது என்று கீழே தேடி, அந்த இடத்தில் இருந்து தொடங்குங்கள்.

கை வைக்க முதல்

எந்தக் கருவியில் இருந்து திருத்துகிறீர்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். களவுக்கு வழிவிட்டதே அந்த லப்ரொப் என்றால், அதிலேயே புதுப் பாஸ்வேட் அடிப்பது கள்ளன் கையில் புதுத் திறப்பைக் கொடுப்பதுதான். நெடுகப் பாவிக்கிற உங்கள் போனை எடுங்கள். கணக்கை மீட்கும்போது கூகுள் வழமையான கருவியா, வழமையான இடமா, வழமையான வைஃபையா என்றும் பார்க்கிறது. ஆகவே என் கடைக்கு வந்து செய்வதைவிட வீட்டில் இருந்தபடி செய்தால் சரிவரும் வாய்ப்புக் கூட. எத்தனையோ பேரைக் காசு வாங்காமல் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எதையும் அழிக்க முதல் திரையைப் படம் எடுத்து வையுங்கள். தெரியாத கருவியின் பெயர், உள்நுழைந்த நேரம், தெரியாத விலாசம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அழித்துவிட்டால் வங்கிக்கோ பொலிசுக்கோ காட்ட ஒன்றும் மிஞ்சாது.

கேட்காமலே கோட் வருகிறது, ‘உள்நுழைவது நீங்களா?’ என்று போன் கேட்கிறது

இது இரண்டு வகை. வெறும் எஸ்எம்எஸ் கோட் மட்டும் வந்தால், யாரோ உங்கள் விலாசத்தையோ இலக்கத்தையோ மீட்புப் பக்கத்தில் அடித்திருக்கலாம். அவனிடம் பாஸ்வேட் இருக்கிறது என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. போன் திரையில் ‘நீங்களா?’ என்ற கேள்வி திரும்பத் திரும்ப வந்தால், பெரும்பாலும் பாஸ்வேட் வெளியே போய்விட்டது, இரண்டாவது படியில் (பாஸ்வேட்டுக்குப் பிறகு கேட்கிற கோட், கேள்வி) மறிபட்டு நிற்கிறான் என்று எடுங்கள்.

‘இல்லை’ என்பதை அழுத்திவிட்டுப் பாஸ்வேட்டை மாற்றுங்கள். வந்த மெயிலில் இருக்கிற லிங்கைத் தொடாதீர்கள். மைஅக்கவுன்ட் டொட் கூகுள் டொட் கொம் என்று நீங்களே கையால் அடித்துச் செக்கியூரிட்டி பகுதிக்குப் போங்கள். உண்மையான எச்சரிக்கை என்றால் அதே நிகழ்வு அங்கேயும் பதிவாகியிருக்கும். அங்கே இல்லாவிட்டால் மெயிலே பொய் மெயில்.

இரவு இரண்டு மணிக்கு விடாமல் வந்துகொண்டிருந்தால், அலுப்பில் நீங்கள் ‘ஆம்’ என்று அழுத்திவிடுவீர்கள் என்பதுதான் அவன் கணக்கு. எழும்பி இருந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ‘இல்லை’.

கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்து உள்நுழைந்ததாகக் காட்டுகிறது

பயந்து ஓடிவருகிறவர்களில் பலருக்கு இதில் ஒரு பிரச்சினையும் இருப்பதில்லை. கூகுள் காட்டுகிற இடம் இணைய இலக்கத்தை வைத்து மதிப்பிட்டது. யாழ்ப்பாணத்தில் இருந்து மொபைல் டேட்டாவில் போனாலும் கொழும்பு என்று விழுவது வழமை. இடத்தை விட்டுவிட்டுக் கருவியின் பெயரையும் நேரத்தையும் பாருங்கள். அது உங்கள் போனின் மொடல்தானா? அந்த நேரம் நீங்கள் போனை எடுத்தீர்களா?

கனடா, சுவிஸ் என்று காட்டினால் முதலில் பிள்ளைகளைக் கேளுங்கள். அம்மாவின் கணக்கை மகள் ரொறன்ரோவில் தன் ரப்லெட்டில் போட்டுவைத்திருப்பது எங்கள் வீடுகளில் சாதாரணம். அடுத்ததாக விபிஎன், அதாவது வேறு நாட்டு வழியாக இணையத்துக்குப் போகவிடுகிற செயலி. 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக வலைத்தளங்களை மறித்தபோது பலர் கிடைத்த விபிஎன்னை இறக்கிப் போட்டார்கள். அது இன்னும் போனில் கிடந்தால் சிங்கப்பூர், நெதர்லாந்து என்று காட்டும். இலவச விபிஎன் என்றால் இன்றைக்கே கழற்றி எறியுங்கள்.

இந்த மூன்றும் இல்லை, கருவியும் தெரியாதது என்றால் அந்தக் கருவியை ‘சைன் அவுட்’ செய்து, பாஸ்வேட்டை மாற்றி, கீழே ‘மாற்றினேன், திரும்பவும் வந்தான்’ என்ற பகுதிக்கு நேரே போங்கள்.

பாஸ்வேட் பிழை என்கிறது, இரண்டு நாளைக்கு முதல் மாற்றப்பட்டதாகச் சொல்கிறது

இங்கே நேரம்தான் எல்லாம். கள்ளன் மீட்பு இலக்கத்தையும் மீட்பு மின்னஞ்சலையும் தன்னுடையதாக மாற்றியிருந்தாலும், 7 நாட்களுக்குப் பழைய இலக்கத்துக்கோ பழைய மின்னஞ்சலுக்கோ கோட் அனுப்பக் கூகுள் இடம் வைத்திருக்கிறது. அந்த ஒரு கிழமை கைநழுவினால் வேலை பலமடங்கு கடினம். ‘வாற கிழமை பாப்பம்’ என்று விடாதீர்கள்.

மீட்புப் பக்கத்தில் கடைசியாக நினைவிருக்கிற பாஸ்வேட்டைக் கேட்கும். பழையது என்றாலும் எழுதுங்கள், வெறுமனே விடாதீர்கள். வேறு வழி காட்டச் சொல்கிற தெரிவை அழுத்தினால் பழைய இலக்கம் வரும். சரிவராவிட்டால் மணிக்கு இருபது தரம் அடித்துப் பார்க்க வேண்டாம், அது உங்களையே கள்ளனாகக் காட்டும். ஒரு நாள் விட்டு, அதே போனில், அதே வீட்டில் இருந்து திரும்ப முயலுங்கள்.

இங்கே மனம் நோகிற ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். புதுப் போன் வாங்கும்போது கடையிலேயே ஜிமெயில் திறந்து கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. வயதுபோன ஒரு ஐயா வந்தார். கணக்கைப் பார்த்தால் மீட்பு இலக்கம் அவருடையதே இல்லை, கணக்குத் திறந்து கொடுத்த கடைப் பெடியனுடையது. பாஸ்வேட் அவருடைய அடையாள அட்டை இலக்கம். பெடியன் கள்ளன் இல்லை, அவசரத்தில் செய்திருக்கிறான். ஆனால் அவன் இலக்கத்தை விட்டுவிட்டால், நாளைக்கு அந்த சிம் வேறொருவர் கைக்குப் போகும், ஐயாவின் கணக்குத் திறப்பும் அதோடு போகும். அடையாள அட்டை இலக்கமோ எத்தனை போட்டோ கொப்பிகளில் எத்தனை கந்தோர்களில் கிடக்கிறது! பிறந்த ஆண்டும் நாளும் அதற்குள்ளேயே இருக்கிறது. இந்தத் தொழில் செய்கிற மற்றவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: வாடிக்கையாளரின் இலக்கத்தைப் போடுங்கள், பாஸ்வேட்டை அவர்களே அடிக்கட்டும், அடிக்கும்போது மற்றப் பக்கம் திரும்பி நில்லுங்கள்.

உங்கள் அம்மா அப்பாவின் போனை இன்றைக்கு எடுத்து மீட்பு இலக்கம் யாருடையது என்று மட்டும் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது, மெயில்தான் வருவதில்லை

எல்லாவற்றிலும் கெட்டது இது. சத்தமே இருக்காது. எச்சரிக்கை கண்ணில் படாமலே போகலாம், பாஸ்வேட் வேலை செய்யும்.

நல்லூர்ப் பக்கம் விருந்தினர் விடுதி நடத்துகிற ஒரு அன்ரி, திருவிழாவுக்கு ஒன்றரை மாதம் இருக்கையில் வந்தா. 25 நாள் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து வருகிற குடும்பங்கள் மின்னஞ்சலில்தான் அறை கேட்பார்கள். “மூண்டு கிழமையா ஒருத்தரும் எழுதேல்லைத் தம்பி. போன வருசம் இந்த நேரம் எல்லா அறையும் முடிஞ்சுது.” வருமுதல் நாள் லண்டனில் இருந்து ஒரு குடும்பம் தொலைபேசியில் கூப்பிட்டு, முற்பணம் போட்டாயிற்று, கிடைத்ததா என்று கேட்டிருக்கிறது. அன்ரி யாருக்கும் வங்கிக் கணக்கு இலக்கம் அனுப்பவில்லை.

போனில் இருக்கிற ஜிமெயில் செயலி ஃபில்டர்களைக் காட்டாது. கொம்பியூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, பற்சில்லுப் படத்தை அழுத்தி, ‘சீ ஓல் செற்றிங்ஸ்’ போய், ‘ஃபில்டர்ஸ் அண்ட் புளொக்ட் அட்ரஸஸ்’ என்ற பகுதியைத் திறந்தேன். ஒரேயொரு ஃபில்டர் இருந்தது. அறை பதிவு, முற்பணம் என்ற ஆங்கிலச் சொற்கள் உள்ள எந்த மெயிலும் இன்பொக்ஸுக்கு வராமல், வாசித்ததாகக் குறிக்கப்பட்டு, ஒரு விலாசத்துக்குத் திருப்பிவிடப்படவேண்டும்.

“இது என்ரை அட்ரஸ்தானே தம்பி?” என்றா.

திரையைப் பெரிதாக்கிக் காட்டினேன். விடுதியின் பெயரில் ஆங்கில ‘எல்’ எழுத்து வருகிற இடத்தில் ஒன்று என்ற இலக்கம் இருந்தது. அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தா. பிறகு ஒன்றும் கதைக்கவில்லை. மூன்று கிழமையாக அந்தப் போலி விலாசத்தில் இருந்து அவவின் பெயரில் ஒருத்தன் மரியாதையாகப் பதில் எழுதி, தன் வங்கிக் கணக்கைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

செய்யவேண்டியவை இந்த ஒழுங்கில். ஃபில்டரைப் படம் எடுத்து, பிறகு அழியுங்கள். பக்கத்தில் ‘ஃபோர்வேடிங்’ பகுதியில் அதே விலாசம் தனியாகவும் இருக்கும், அதையும் எடுங்கள். ஒன்றை எடுத்து மற்றதை விட்டால் அரைவாசி வேலைதான். ‘அக்கவுன்ட்ஸ்’ பகுதியில் உங்கள் கணக்கைப் பாவிக்க வேறு யாருக்காவது அனுமதி கொடுத்திருக்கிறதா, ‘சென்ட் மெயில் அஸ்’ என்ற இடத்தில் தெரியாத விலாசம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகுதான் பாஸ்வேட்.

அடுத்தது தொலைபேசி. காசு போட்டவர்களைக் கூப்பிட்டு, அவர்களுடைய வங்கிக்கு அன்றைக்கே சொல்லச் சொல்லுங்கள். மெயிலில் சொல்லாதீர்கள், எந்த மெயிலை யார் வாசிக்கிறான் என்று அப்போது உங்களுக்குத் தெரியாது. இலங்கைக் கணினி அவசர பதிலளிப்பு அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட்டின் இலக்கம் 101. பொலிசில் முறைப்பாடு எழுதுங்கள். அனுமதியில்லாமல் கணக்குக்குள் புகுவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம். முறைப்பாட்டின் பிரதி இருந்தால் வங்கியோடு கதைப்பது சுகம்.

அந்த லண்டன் குடும்பத்தின் காசு திரும்பி வரவில்லை. அன்ரி அவர்களுக்கு அறையைக் கொடுத்தா, வாடகை வாங்கவில்லை.

மாற்றினேன், திரும்பவும் வந்தான்

பாஸ்வேட்டை இரண்டு மூன்று தரம் மாற்றியும் வருகிறான் என்றால், அவனுக்குப் பாஸ்வேட் தேவைப்படவில்லை. நான் பார்த்ததில் பெரும்பாலும் காரணம் கொம்பியூட்டரில் போட்ட களவு மென்பொருள். கலியாண அல்பம் செய்கிற ஸ்ரூடியோக்களில் படம் திருத்துகிற மென்பொருளின் உடைத்த பிரதியை இறக்கும்போது, வைரஸ் காவலை நிறுத்திவிட்டுப் போடு என்று அதிலேயே எழுதியிருக்கும். அந்த ஒரு வரியிலேயே விளங்கவேண்டும். உள்ளே வருகிற நிரல் பிரவுசரில் சேமித்த பாஸ்வேட்டுகளையும் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகும். குக்கி என்பது, இவர் ஏற்கனவே உள்நுழைந்தவர் என்று கூகுள் கொடுத்த சீட்டு. சீட்டைக் காட்டினால் பாஸ்வேட்டும் கேட்காது, கோட்டும் கேட்காது.

அந்தக் கொம்பியூட்டரை இன்ரநெற்றில் இருந்து கழற்றுங்கள். படங்களை வேறு டிஸ்கில் எடுத்துவிட்டு விண்டோஸை முதலில் இருந்து போடவேண்டும். வைரஸ் ஸ்கேன் ஓடவிட்டுச் சுத்தம் என்று சொன்னதை நம்பி விட்டவர்கள் எனக்குத் திரும்ப வந்திருக்கிறார்கள்.

அதற்கிடையில் போனில் இருந்து பாஸ்வேட்டை மாற்றி, ‘யுவர் டிவைசஸ்’ பட்டியலில் கையில் இருக்கிற போன் தவிர எல்லாவற்றையும் வெளியே போடுங்கள். வெளியாள் செயலிகளுக்குக் கொடுத்த அனுமதிகளைத் திறந்து, தெரியாததை எல்லாம் நீக்குங்கள். ‘அப் பாஸ்வேட்ஸ்’ என்று ஒன்று இருந்தால் அழியுங்கள், பழைய மெயில் மென்பொருள்களுக்காக உள்ள அந்தத் திறப்பு இரண்டாவது படியைக் கேட்காது. உங்களுடையதல்லாத பாஸ்கீயை (பாஸ்வேட்டுக்குப் பதிலாகக் கைரேகையாலோ போன் பூட்டாலோ உள்ளே விடுகிற திறப்பு) நீக்குங்கள். பக்கப் கோட்டுகளை (போன் கையில் இல்லாதபோது உள்நுழைய முன்கூட்டியே எடுத்துவைக்கிற இலக்கங்கள்) புதிதாக எடுங்கள், புதியது எடுத்தவுடன் பழையவை செல்லாமல் போகும். பிரவுசரில் சேமித்திருந்த எல்லாப் பாஸ்வேட்டும் போய்விட்டதாகவே எண்ணி, வங்கியில் தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒரு பின்னேரம் முழுக்க எடுக்கும். வேறு குறுக்குவழி இல்லை.

படங்களைக் காணோம், டிரைவில் கோப்புகள் இல்லை

முதலில் குப்பைக் கூடையைப் பாருங்கள். டிரைவிலும் ஜிமெயிலிலும் அழித்தது 30 நாள் கிடக்கும். போட்டோஸில், சேமிப்பில் ஏறியிருந்த படம் 60 நாள் கிடக்கும். கள்ளன் கூடையையும் வெறுமையாக்கியிருந்தால் உடனே கூகுளின் டிரைவ் உதவிப் பக்கத்தில் விண்ணப்பியுங்கள், நாள் போகப்போக வாய்ப்புக் குறையும்.

அழிக்காமல் பார்த்துவிட்டு மட்டும் போயிருக்கவும் கூடும். எங்கள் ஆட்களின் டிரைவில் காணி உறுதி, நில அளவை வரைபடம், பாஸ்போட், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஸ்கான் செய்து கிடக்கும். ஒவ்வொன்றிலும் ‘ஷெயார்’ அழுத்தி, லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம் என்று இருந்தால் மூடுங்கள்.

நீண்டகாலம் திறக்காமல் விட்ட கணக்கு என்றால் கள்ளன் வந்தே இருக்கமாட்டான். இரண்டு வருடம் பாவிக்காத கணக்குகளை நீக்குகிற நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது.

வெளியே ஒரு பிரதி வையுங்கள். 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மேகக் கட்டமைப்பில் ரான்சம்வெயார் (கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற நிரல்) தாக்குதல் நடந்தபோது, மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவே கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக்கான பக்கப்பும் இணைப்பில் இருந்தபடியே பூட்டுப்பட்டதுதான் காரணம். மாதத்துக்கு ஒருதரம் ஒரு ஹாட் டிஸ்கில் எடுத்து, வயரைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தால் வீட்டுக்குப் போதும்.

ஏடபிள்யூஎஸ் பில் திடீரென்று ஏறிவிட்டது

இது புரோகிராம் எழுதுகிற பிள்ளைகளுக்கு. ஏடபிள்யூஎஸ் என்பது அமேசன் இணையத்தில் வாடகைக்கு விடுகிற கொம்பியூட்டர்கள். கடைசி வருடப் புரொஜெக்டைக் கிட்ஹப் என்ற நிரல் சேமிக்கிற தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடும்போது, அக்சஸ் கீ (ஏடபிள்யூஎஸ் கணக்கின் திறப்பு) உள்ள கோப்பும் சேர்ந்து போய்விடுகிறது. இப்படிப்பட்ட திறப்புகளைத் தேடுவதற்கென்றே ஓடிக்கொண்டிருக்கிற நிரல்கள் உண்டு, நிமிடக்கணக்கில் எடுத்துவிடும்.

கோப்பை அழிக்க ஓடாதீர்கள், பழைய கொமிட்டில் (முன்பு சேமித்த பதிவில்) அது அப்படியே இருக்கும். யாருக்கு என்ன அனுமதி என்று வைக்கிற ஐஏஎம் பக்கத்தில் அந்தக் கீயை முதலில் ‘இன்அக்டிவ்’ ஆக்குங்கள். நீங்கள் உருவாக்காத யூசர், ரோல், கீ எல்லாவற்றையும் பாருங்கள், கள்ளன் செய்கிற முதல் வேலைகளில் ஒன்று தனக்கென்று ஒரு யூசர் வைப்பது. பிறகு ஒவ்வொரு ரீஜனாக (மெஷின்கள் இருக்கிற பிரதேசம்) மாறி மாறிப் பாருங்கள். நீங்கள் மும்பையில் மட்டும் வேலை செய்திருப்பீர்கள், அவன் நீங்கள் எட்டியே பார்க்காத ஒரு ரீஜனில் பெரிய மெஷின்களை ஓடவிட்டிருப்பான். யார் எப்போது என்ன செய்தார் என்று பதிகிற கிளவுட்ரெயிலின் நிகழ்வு வரலாறு 90 நாளைக் காட்டும்.

பயத்தில் வங்கிக்குச் சொல்லிக் கார்டை மட்டும் நிறுத்துகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கார்ட் நின்றாலும் மெஷின் ஓடும், கடன் ஏறும். எல்லாவற்றையும் நிறுத்தி, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்குக்கு எம்எஃப்ஏ (இரண்டாவது படி) போட்டு, சப்போட்டுக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதுங்கள். வீட்டிலும் சொல்லுங்கள்.

வட்ஸ்அப் போய்விட்டது

பழைய மாணவர் சங்கக் கூட்டம், சூம் கோட் ஒன்று வரும், அதைச் சொல்லு அண்ணை என்று தெரிந்தவர் இலக்கத்தில் இருந்தே செய்தி வரும். வந்த ஆறு இலக்கம் உங்கள் வட்ஸ்அப்பின் பதிவுக் கோட். சிம் உங்களிடம் இருக்கிறது, ஆகவே திரும்பப் பதிவு செய்யுங்கள். எஸ்எம்எஸ் கோட்டை அடித்த கணமே அவன் வெளியே போவான். அவன் ஒரு பின் இலக்கம் போட்டுவைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்கவேண்டும், ஆனால் அவனும் உள்ளே இருக்கமாட்டான். அதுவரை காசு கேட்டு வருகிற செய்தி நான் அனுப்பியதல்ல என்று சொந்தக்காரருக்கு வேறு வழியில் சொல்லுங்கள்.

வெளிநாடு போனேன், என் கணக்குக்குள் நானே போக முடியவில்லை

கள்ளன் யாரும் இல்லை. கோட் போகிற சிம் யாழ்ப்பாணத்தில் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. கட்டுநாயக்காவுக்கு வான் பிடிக்க முதல், சிம் கையில் இருக்கும்போதே சிம் இல்லாமலே கோட் தருகிற ஓதென்ரிகேற்றர் செயலியையும் பாஸ்கீயையும் போட்டுவிடுங்கள். பக்கப் கோட்டுகளை அச்சடித்து, ஒரு தாளைக் கொண்டுபோய், மற்றதை வீட்டில் வையுங்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி போன வருடம் இப்படித்தான் போனான். போய் இறங்கிய கிழமை புதுப் போன் விழுந்து உடைந்துவிட்டது, தாள் எந்தப் பையில் என்று தெரியவில்லை. தங்கையின் போனில் வீடியோவில் வந்தான். அம்மா றங்குப்பெட்டியைத் திறந்து, காணி உறுதிகளுக்கு மேலே மடித்து வைத்திருந்த தாளை எடுத்து, மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எட்டு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக வாசித்தா. ஒரு கோட் ஒருதரம்தான் செல்லும் என்பதால் அதன் மேல் பேனையால் கோடு போடச் சொன்னான். போட்டுவிட்டுத் தாளைத் திரும்ப மடித்து உறுதிகளுக்கு மேலேயே வைத்தா. அதில் இன்னும் ஒன்பது இருக்கிறது.